சுவரில் கீறிய பையனின் வீடு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில், லெஸ்டரில் இருக்கும் காக்காவின் தயவில், நாங்கள் இங்கிலாந்து போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். படங்களைப் பார்த்த கலாசாலை நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "லண்டனில் எத்தனையோ இருக்க, ஒரு பழைய கல்வீட்டுக்கு முன்னால் நின்று ஏன் இத்தனை படம்? யாருடைய வீடு அது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பிக் களைத்துவிட்டோம். அதனால்தான் இந்தப் பதிவு.

அது லிங்கன்ஷயரில், வூல்ஸ்தோர்ப் என்ற சிற்றூரில் உள்ள ஒரு பண்ணைவீடு. ஐசக் நியூற்றன் பிறந்த வீடு. நாங்கள் இருவருமே விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். அவருடைய மூன்று விதிகளையும் வருடா வருடம் கரும்பலகையில் எழுதி அழிக்கிறவர்கள். ஒரு விஞ்ஞானியின் நினைவில்லத்தைப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தோடுதான் போனோம். அங்கே கண்டது ஆடும் மாடும் வைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்தின் வீட்டை. அந்த வீடு தன் பிள்ளையைப் படிக்க விடாமல் பிடித்து வைக்கப் பார்த்த கதையும் அந்தச் சுவர்களுக்குள்தான் இருக்கிறது. எங்களுக்கு நித்திரை வராமல் செய்தது அதுதான்.

முதலில் வீட்டைச் சொல்கிறோம்.

வெளியில் இருந்து பார்த்தால் ஆடம்பரம் எதுவும் தெரியாது. சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் சுண்ணாம்புக்கல் சுவர். செங்குத்தான கூரை. அதற்கு மேலே புகைபோக்கிகள். கீழ்த்தளம், மேல்தளம், கூரைக்கு அடியில் பரண். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் நிலத்தைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல்தான் வரும். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலடியில் படிந்த கல் அது. லிங்கன்ஷயர் ஊடாக வடக்குத் தெற்காக ஒரு நீண்ட பட்டை போல ஓடுகிறது. அதனால் வீடு, தேவாலயம், மாட்டுக்கொட்டில், மதில் எல்லாமே ஒரே நிறம். மண்ணில் இருந்து தானாக முளைத்த ஊர் மாதிரி இருக்கும்.

யன்னல்களைக் கவனியுங்கள் (இரண்டாவது படம்). கல்லையே செதுக்கி, நெடுக்காகக் கம்பங்கள் போல் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடித் தகடு எளிதில் கிடைக்காது. சிறு சிறு துண்டுகளை ஈயப் பட்டியால் பிணைத்துத்தான் யன்னலுக்குப் போடுவார்கள். அதைத் தாங்கத்தான் நடுவே இந்தக் கற்கம்பங்கள். அழகுக்காகச் செய்ததென்று நாங்கள் நினைத்திருந்தோம். தேவைக்காகச் செய்ததுதான் நாளடைவில் அழகாகியிருக்கிறது.

வீட்டின் அமைப்பு ஆங்கில 'டீ' எழுத்தைப் போன்றது. எழுத்தின் மேற்கோட்டில் இரண்டு அறைகள்: ஒன்று ஹோல், மற்றது விருந்தாளிகளை வைத்துக் கதைக்கும் அறை. கீழே இறங்கும் தண்டுப் பகுதியில் குசினி. வாசற்கதவு சரியான நடுவில் இல்லை, கொஞ்சம் விலகி, இரண்டு அறைகளுக்கும் இடையே திறக்கிறது. உள்ளே கால் வைத்ததும் எதிரே மாடிப்படி. மேலே இரண்டு படுக்கையறைகள். இத்தனை பேர் தேடி வரும் வீட்டின் மொத்தக் கணக்கு இவ்வளவுதான். எங்கள் மகள் மேலே ஏறி இறங்கிவிட்டு, "மிச்ச வீடு எங்க?" என்று கேட்டாள்.

ஆனால் கட்டிய காலத்தில் இது நவீன வீடு! சில தலைமுறைகளுக்கு முன்பு அந்நாட்டு விவசாயிகள் பலரின் வீடு ஒரே பெரிய கூடம்தான். நடுவே தரையில் அடுப்பு எரியும், புகை கூரை வழியே தன் பாட்டில் வெளியேறும். குடும்பம் முழுவதும் அந்தப் புகைக்குள்தான் வாழும். பிறகு செங்கல்லிலும் கல்லிலும் புகைபோக்கி கட்டத் தொடங்கினார்கள். புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும் கூடத்துக்கு மேலே பலகை அடித்து மேல்மாடி போட முடிந்தது. மாடி வந்ததும் படி வந்தது. படி வந்ததும் தனியறை வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் தனியே இருக்கலாம் என்பதே சாதாரண விவசாயிக்கு அப்போதுதான் கிடைத்த புதிய வசதி. ஹொஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஏறக்குறைய 1570க்கும் 1640க்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தை 'மாபெரும் மீள்கட்டுமானம்' என்று அழைத்தார். அந்த அலையில் எழுந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒன்றுதான் இது. தனியறை இல்லாத வீட்டில் நியூற்றன் பிறந்திருந்தால் என்னவாகியிருப்பார் என்று லெஸ்டர் திரும்பும் வழியெல்லாம் நாங்கள் கதைத்துக்கொண்டே வந்தோம். எங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது?

வீட்டுக்கு 'மேனர்' என்று பெரிய பெயர். மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்வதென்றால், ஒரு சின்னப் போடியார் வளவு. நிலத்தோடு சேர்த்துக் கொஞ்சம் உரிமைகளும், சில குத்தகைக்காரர்கள் மீது ஓர் அதிகாரமும் உண்டு. நியூற்றனின் பாட்டனார் ராபர்ட் நியூற்றன் இதை 1623இல் வாங்கினார். அதுவரை சொந்த நிலத்தை உழுது கொஞ்சம் கொஞ்சமாகக் காணி சேர்த்த குடும்பம், அந்த ஓர் உறுதியோடு ஒரு படி மேலே போனது. எங்கள் ஊரிலும் வயல் வாங்கி வாங்கியே பெயருக்கு முன்னால் பட்டம் சேர்த்துக்கொண்ட குடும்பங்கள் உண்டுதானே!

நியூற்றனின் வாப்பாவுக்கும் பெயர் ஐசக்தான். 1642 ஒக்டோபரில் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்துக்களின் பட்டியலில் 234 செம்மறியாடுகளும் 46 மாடுகளும் இருந்தன. அந்நாளைக்கு அது நல்ல வசதி. ஆனால் தன் மரண சாசனத்தில் அவர் கையொப்பம் இடவில்லை. ஓர் அடையாளம் மட்டும் போட்டார். எழுதத் தெரியாது. அவருடைய வாப்பாவுக்கும் தெரியாது. இருநூறு ஆட்டுக்கு மேல் எண்ணத் தெரிந்தவர், தன் பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுதத் தெரியாமல் போய்ச் சேர்ந்தார். எண்ணி மூன்று மாதம் கூட ஆகவில்லை, மேல்மாடி அறை ஒன்றில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான்.

பிறந்த திகதி இங்கிலாந்தின் அன்றைய நாட்காட்டிப்படி 1642 டிசம்பர் 25. இன்றைய நாட்காட்டிப்படி 1643 ஜனவரி 4. பரீட்சையில் இரண்டில் எதை எழுதினாலும் நாங்கள் புள்ளி போடுவோம், கவலை வேண்டாம். குறைமாதப் பிள்ளை. பிழைக்கும் என்று யாருமே நினைக்கவில்லையாம்.

இனித்தான் கனமான பகுதி.

பிள்ளைக்கு மூன்று வயதானபோது தாய் ஹன்னா மறுமணம் செய்தார். மாப்பிள்ளை வடக்கு விதம் என்ற பக்கத்து ஊரின் பாதிரியார், பார்னபஸ் ஸ்மித். அறுபது கடந்தவர், பணக்காரர். கலியாணப் பேச்சில் மகன் பெயருக்கு ஒரு துண்டுக் காணி எழுதுவதும், வூல்ஸ்தோர்ப் வீட்டைத் திருத்திக் கொடுப்பதும் சேர்ந்திருந்தன. ஆனால் பிள்ளையைக் கூட்டிப்போவது அதில் இல்லை. தாய் ஒன்றரை மைல் தள்ளிப் போய்விட்டார். மகன் இந்த வீட்டிலேயே தாய்வழி மூத்தம்மாவோடு விடப்பட்டான். ஒன்றரை மைல் என்றால் எங்கள் பாடசாலையில் இருந்து சந்தைக்கு உள்ள தூரம். நடந்தே போகலாம். தாய் தூரதேசத்தில் இருந்தால் பிள்ளை மனதைத் தேற்றிக்கொள்ளும். ஒன்றரை மைலில் இருக்கும் தாயை அது எப்படித் தேற்றிக்கொள்ளும்? உம்மா வெளிநாட்டில், மூத்தம்மாவோடு வளரும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கதைப்பதே இல்லை. சிலர் கையில் கிடைப்பதையெல்லாம் உடைப்பார்கள்.

பத்தொன்பது வயதில், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, தன் பாவங்களைச் சுருக்கெழுத்தில் ஒரு கொப்பியில் பட்டியலிட்டார் நியூற்றன். ஸ்மித்தையும் தாயையும் அவர்கள் இருக்கும் வீட்டோடு சேர்த்து எரித்துவிடுவேன் என்று மிரட்டியதும் அதில் ஒன்று. அமைதியானவர், புத்தகப் புழு என்று நாங்கள் படிப்பிக்கும் மனிதர்தான் இவர்.

1653இல் ஸ்மித் இறந்ததும் ஹன்னா மூன்று சிறு பிள்ளைகளோடு வூல்ஸ்தோர்ப் வீட்டுக்குத் திரும்பினார். பன்னிரண்டு வயதளவில் மகனைக் கிரந்தம் நகரப் பாடசாலைக்கு அனுப்பினார். (ஊரின் பெயரே கிரந்தம்! தமிழ் தெரிந்தவர்கள் வைத்த பெயரோ என்று சிரித்துக்கொண்டோம். அவர்கள் வேறு மாதிரித்தான் உச்சரிக்கிறார்கள்.) பதினாறு பதினேழு வயதில் படிப்பு போதும் என்று வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். மூத்த மகன், சொத்துக்கு வாரிசு, பண்ணையைப் பார்க்க வேண்டும். அந்தத் தாயின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. கணவன் இல்லை, சின்னப் பிள்ளைகள் மூன்று, ஆடு மாடு நிறைய. எழுதத் தெரியாத கணவன் நன்றாகத்தானே பண்ணை நடத்தினான்?

மகனோ அந்த வேலைக்கு ஆகவே இல்லை. ஆடு மேய்க்க விட்டால் ஓடையில் தண்ணீர்ச் சக்கரம் செய்துகொண்டிருப்பான், ஆடுகள் அடுத்தவன் காணிக்குள் போயிருக்கும். சந்தைக்கு அனுப்பினால் வேலையாளைப் போகச் சொல்லிவிட்டு வேலியோரம் படுத்து வாசிப்பான். குதிரை கடிவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனதுகூடத் தெரியாமல், கையில் வெறும் கடிவாளத்தோடு மேடேறி வந்தான் என்றும் ஒரு கதை உண்டு. அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் மணியகார மன்றம் போன்ற அவர்களது மேனர் மன்றத்தின் பதிவு கூட்டிச் சொல்லாது. 1659 ஒக்டோபரில், ஆடுகளை அடுத்தவர் நிலத்தில் விட்டதற்காக ஐசக் நியூற்றனுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம். பன்றிகள் தானிய வயலில் புகுந்ததற்கு 1 ஷில்லிங். வேலியைத் திருத்தாமல் விட்டதற்கு இன்னொரு 1 ஷில்லிங். ஈர்ப்பு விதி எழுதப்போகிறவரைப் பற்றிய அரச பதிவு இப்படித்தான் தொடங்குகிறது.

அவரை மீட்டது ஓர் ஆசிரியர். ஹென்றி ஸ்டோக்ஸ், கிரந்தம் பாடசாலையின் அதிபர். இந்தப் பிள்ளையை ஆட்டுக்குப் பின்னால் விடுவது வீண் என்று தாயிடம் வாதாடினார். தாய்மாமன் வில்லியமும் சேர்ந்துகொண்டார். வெளியூர்ப் பிள்ளைகளிடம் பாடசாலை வாங்கும் நாற்பது ஷில்லிங் கட்டணத்தையும் ஸ்டோக்ஸ் விட்டுக்கொடுத்தார். பிள்ளையைத் தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தார். ஹன்னா கடைசியில் இறங்கி வந்தார். 1661 ஜூனில் மகன் கேம்பிரிட்ஜ் போனான்.

உலகத்துக்கு நியூற்றனைத் தெரியும். ஸ்டோக்ஸை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் எழுதிய புத்தகம் எதையும் நாங்கள் காணவில்லை. கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று, ஒரு பிள்ளையை.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு வீட்டு விறாந்தை ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, தரம் 9இல் இருந்த ஒரு பிள்ளை ஒரு மாதமாக வரவில்லை. கணிதத்தில் கெட்டிக்காரன். பின்னேரம் நாங்கள் இருவரும் வீட்டுக்குப் போனோம். வாப்பா கதிரை எடுத்துப் போட்டார், தேநீர் வந்தது, மரியாதைக்குக் குறைவில்லை. "வாசிக்கத் தெரியும், கணக்குப் பாக்கத் தெரியும், இனி என்னத்துக்கு சேர்? வயலுக்கும் மாட்டுக்கும் ஆள் வேணும். எனக்கு முதுகும் ஏலாது," என்றார். பிள்ளை மாட்டுக்கொட்டிலுக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வரவில்லை. அந்த வாப்பாவிடம் கோபப்பட எங்களால் முடியவில்லை. அவருடைய முதுகு உண்மை, மாடும் உண்மை. மூன்று தரம் போனோம். மூன்றாம் தரம் பிள்ளையின் மாமாவைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனோம். இப்போது அவன் தரம் 11இல் இருக்கிறான். காலையில் மாட்டைக் கட்டிவிட்டுத்தான் வருகிறான், சில நாட்களில் இரண்டாம் பாடவேளைக்குத்தான் வந்து சேர்கிறான். கதவைத் திறந்து உள்ளே விடுகிறோம்.

சரி, வீட்டுக்குத் திரும்புவோம்.

1665இல் கொள்ளைநோய் பரவிக் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டது. நியூற்றன் வூல்ஸ்தோர்ப் திரும்பினார். நடுவே ஒருமுறை போய் வந்தாலும், 1667 வரையான காலத்தில் பெரும்பகுதி இந்த வீட்டில்தான். கொரோனா நாட்களில், "நியூற்றன் லொக்டவுனில்தான் ஈர்ப்பு விசையைக் கண்டுபிடித்தார், உங்கள் பிள்ளை என்ன செய்கிறான்?" என்று வட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி ஞாபகம் இருக்கிறதா? எங்களுக்கே பத்துத் தரம் வந்தது. அரைவாசி உண்மை. எண்ணத்தின் விதை அங்கே விழுந்தது. அது பிரின்சிப்பியா என்ற நூலாகி வெளிவந்தது 1687இல். இடையில் இருபது வருட வேலை. பெற்றோர்களே, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

அந்த நாட்களில் எழுத அவருக்குத் தாள் தந்தது யார் தெரியுமா? வெறுத்த அதே சின்ன வாப்பா! ஸ்மித் பாதிரியார் மார்க்கக் குறிப்புகள் எழுதவென்று மிகப் பெரிய கொப்பி ஒன்றை வைத்திருந்தார். தலைப்புகளை எழுதிவிட்டுப் பெரும்பாலான பக்கங்களை வெறுமையாகவே விட்டுப் போயிருந்தார். தாள் விலைகூடிய காலம். அந்த வெற்றுப் பக்கங்களில்தான் நியூற்றன் நுண்கணிதத்தின் தொடக்கக் கணக்குகளைப் போட்டார். 'வேஸ்ட் புக்' என்ற பெயரோடு அது இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஸ்மித்தின் புத்தகங்கள் இருநூறு முந்நூறும் வூல்ஸ்தோர்ப் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. பெட்டிப் பலகைகளை உடைத்துத் தானே அடித்த தட்டுகளில் நியூற்றன் தன் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். 1721இல் அந்த வீட்டுக்குப் போன ஸ்டூக்லி என்ற மருத்துவர் அந்தத் தட்டுகளைக் கண்டு குறித்து வைத்தார். வீட்டைப் படமாகவும் வரைந்து வைத்தார். நியூற்றன் உயிரோடு இருக்கும்போதே ஒருவர் இதைச் செய்தது நல்லதாய்ப் போயிற்று.

மேல்மாடியில் யன்னலை மூடி, சிறு துளை வழியே வெயிலை விட்டு, அரியத்தால் நிறம் பிரிக்கும் சோதனையைக் காட்டுகிறார்கள். துளையில் இருந்து சுவருக்கு 22 அடி என்று நியூற்றன் பிறகு எழுதினார். இந்தச் சோதனையில் எது இங்கே நடந்தது, எது கேம்பிரிட்ஜில் நடந்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் உடைந்த மூலையோடு ஒரே ஓர் அரியம்தான் இருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறோம். பழைய மாணவர் சங்கத்தில் உள்ளவர்கள் யாராவது வாசித்தால் நல்லது.

இனிச் சுவர். நாங்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

நியூற்றன் சிறு வயதில் சுவரெல்லாம் கீறுவார். தங்கியிருந்த கிரந்தம் வீட்டுச் சுவர்களில் கரியால் பறவை, மிருகம், மனிதர், கப்பல், கணித வடிவங்கள் எல்லாம் வரைந்திருந்தார் என்று ஸ்டூக்லி எழுதினார். பாடசாலை யன்னல் கல்லிலும் பெயரைச் செதுக்கியிருக்கிறார். எங்கள் மேசைகளில் பெயர் செதுக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டாம்! வூல்ஸ்தோர்ப் வீட்டில் 1920களிலும் 30களிலும் குடியிருந்தவர்கள் சுவரில் ஒட்டியிருந்த பழைய தாளை உரித்தபோது, அடியில் கீறல்கள் தெரிந்தன. பிறகு 2017இல் நொட்டிங்ஹம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் புதிய முறையில் தேடினார். கமராவை அசைக்காமல் வைத்து, விளக்கை மட்டும் பல கோணங்களில் மாற்றி மாற்றிப் படம் எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் சேர்த்துப் பார்க்கும் முறை. ஒரு கோணத்தில் தெரியாத கீறல் இன்னொரு கோணத்தில் நிழலாக எழும். அப்படித்தான் ஹோலில், கணப்படுப்புக்குப் பக்கத்தில், ஒரு காற்றாலையின் படம் வெளிவந்தது. கிரந்தம் பக்கம் காற்றாலை ஒன்று கட்டப்படுவதைப் பார்த்துப் பார்த்து, சின்ன நியூற்றன் அதுபோல ஒரு மாதிரி செய்ததாகப் பழைய கதை உண்டு. ஆகவே இந்தக் கீறலும் அவனுடையதே என்று கருதுகிறார்கள். வெறும் கண்ணுக்கு அது ஒரு சுவர் வெடிப்பு மாதிரித்தான் தெரியும். முந்நூற்றைம்பது வருடமாக அந்தச் சுவரை யாரும் இடிக்கவில்லை, சுரண்டவில்லை, சீமெந்து பூசவில்லை. நாங்கள் தவணைக்குத் தவணை வகுப்பறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து எத்தனை காற்றாலைகளை மூடியிருப்போமோ!

ஆனால் பாதுகாப்பு என்ற பெயரிலும் சுவரை வெட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் நியூற்றன் வீட்டுச் சுவரில் சூரியக் கடிகாரங்களைச் செதுக்கியிருந்தார். அதில் ஒன்றை 1844இல் பெயர்த்து லண்டன் ரோயல் சொசைட்டிக்குக் கொடுத்தார்கள். இன்னொன்றை வெட்டியெடுத்து 1877இல் கோல்ஸ்டர்வொர்த் தேவாலயச் சுவரில் பதித்தார்கள், அதுவும் தலைகீழாக! வெயிலே படாத உட்சுவரில், தலைகீழாக, ஒரு சூரியக் கடிகாரம். மரியாதை செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள். வீட்டில் இருந்த இடத்திலேயே விட்டிருந்தால் இன்றும் அது நேரம் காட்டியிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

வீடு பிழைத்ததற்கு ஒரு காரணம் நியூற்றன் அங்கே வாழாததுதான். 1679இல் காய்ச்சலில் விழுந்த தாயை இரவிரவாகக் கண்விழித்துப் பராமரித்தார். எரித்துவிடுவேன் என்று மிரட்டிய அதே மகன்தான். தாய் போனபின் வீடு அவருக்கு வாடகை வரும் ஒரு சொத்து மட்டுமே. அவருக்குப் பிறகு வாரிசு விற்றுவிட, 1733இல் டேர்னர் என்ற நிலக்காரக் குடும்பம் வாங்கியது. அவர்களுக்கு வாழப் பெரிய மாளிகை வேறு இருந்தது. இது இருநூறு வருடத்துக்கு மேலாகக் குத்தகை விவசாயிகள் குடியிருந்த வீடாகவே இருந்தது. உழைத்துக் களைத்தவர்கள் வீட்டை இடித்துப் புதுப் பாணியில் கட்டவில்லை. பணமுள்ள கைகளில் அகப்பட்டிருந்தால் இந்தக் கற்கம்ப யன்னல்கள் மிஞ்சியிருக்குமோ தெரியாது. டேர்னர்கள் செய்த நல்ல காரியம், 1798இல் பிறந்த அறையில் ஒரு கல்வெட்டுப் பதித்து இன்னாருடைய வீடு என்று பதிவாக்கியது.

நியூற்றனின் முந்நூறாவது பிறந்தநாள் வந்தது 1942இல், உலகப் போரின் நடுவில். குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில், ரோயல் சொசைட்டியும் பில்கிரிம் அறக்கட்டளையும் பணம் போட்டு இந்தப் பண்ணைவீட்டை வாங்கி நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தன. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த அமைப்பு ஒரு சொத்தை 'கைமாற்ற முடியாதது' என்று அறிவித்துவிட்டால் பிறகு விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. எங்கள் வக்ஃபு சொத்து போல என்று மகளுக்கு விளங்கப்படுத்தினோம். போருக்குப் பின் 1947இல் வந்த சட்டம் பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டு வகுப்புப் பிரித்தது. பட்டியலில் ஏறத்தாழ நாலு இலட்சம் பதிவுகள். அதில் முதலாம் வகுப்பு நூற்றுக்கு இரண்டரை வீதம்தான். வூல்ஸ்தோர்ப் வீடு அந்த முதலாம் வகுப்பில் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒரு யன்னலை மாற்றினாலும் குற்றவியல் வழக்கு.

அப்பிள் மரம் எங்கே என்று கேட்பீர்கள். வீட்டுக்கு முன்னால்தான், சின்ன வேலிக்குள். 'ஃபிளவர் ஒஃப் கென்ட்' என்ற இனம், சமைத்து உண்ணும் பெரிய அப்பிள். 1820 அளவில் புயலில் சாய்ந்தது. விழுந்த தண்டில் இருந்தே வேரூன்றி மறுபடி எழுந்தது. பழம் விழுந்ததைப் பார்த்து யோசித்ததாக நியூற்றனே 1726இல் ஸ்டூக்லியிடம் சொன்னார். தலையில் விழுந்ததாகச் சொல்லவில்லை. அது பிறகு யாரோ சேர்த்தது, பிள்ளைகளே. மரத்தின் ஒரு துண்டு 2010இல் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் ஏறி, எடையே தெரியாத இடத்துக்கும் போய் வந்தது. வேலியில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் விழவில்லை.

இங்கிலாந்தில் உறவினர் உள்ளவர்கள் போக நினைத்தால் ஒரு விஷயம். கிரந்தம் நகருக்கு அருகில் வூல்ஸ்தோர்ப் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. நியூற்றனின் ஊர் 'வூல்ஸ்தோர்ப் பை கோல்ஸ்டர்வொர்த்', ஏ1 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் உள்ளது. மற்றது பெல்வோர் கோட்டைப் பக்கம். கார் வழிகாட்டியில் முழுப் பெயரையும் போடுங்கள். திறந்திருக்கும் நாட்களை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். காற்றாலைக் கீறலை நீங்களாகத் தேடினால் கிடைக்காது. ஹோலில் நிற்கும் தொண்டர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் வயதானவர்கள், அன்பாகக் காட்டுவார்கள். நாங்கள் எடுத்த படத்தில் அது தெரியவில்லை, வெறும் சுவர்தான் இருக்கிறது. அதையும் கடைசியில் போட்டிருக்கிறோம்.